வளர்ச்சியும் விருத்தியும்

(பழைய மாணவர் ஒருவர்)

விழாமலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு மலர்க்குழுவினர் அன்புடன் பணித்தபோது, எப்பொருளைப்பற்றி எழுதுவது என்னும் ஐயம் எனக்கு நெடுநேரம் இருக்கவில்லை. கல்லூரிக்கால நினைவுகளைச் சுவைபட எழுதவல்லார் பலர் உளர். ஆசிரியப் பெருந்தகைகளின் சிறப்பும், விளையாட்டுப் போட்டிகளிற் கண்ட வெற்றி தோல்விகளும் அவர்தம் எழுத்தினாலே நன்கு விளங்கும். குழந்தை மருத்துவத்துறையில் நாற்பதாண்டுக்கு மேலாக உழைத்து ஓய்ந்திருக்கும் நான், எனக்குத் தெரிந்த பொருளைச் சொல்வதே முறையாகும். ஆதலின், பிறவியிலேயே தைரொயிட் சுரப்பி குன்றிய குழந்தைகள் மருந்துண்டு வளரும் வகையை ஈண்டு கூற முற்படுகின்றேன். இதனை வாசிப்போருட் பலர் தந்தையராகவும் பாட்டன்மாராகவும் இருப்பர். மாணவரோ நாளை அந்நிலையை அடைவர். ஆகவே இப்பொருள் எவருக்கும் புறம்பானதன்று.

இப்பொருளுக்குரிய முதற்பாடத்தை நான் மருத்துவக் கல்லூரியிற் கற்றிலேன். அறுபதுகளிலே எம் கல்லூரி விலங்கியல் ஆய்வுகூடத்திலேயே கற்றேன். வளர்ச்சி வேறு, விருத்தி வேறு என்று எங்கள் ஆசிரியர் அடிக்கடி வற்புறுத்துவார். பருமனிற் பெருகுதல் வளர்ச்சி. ஒன்று மற்றொன்றாக முதிர்தல் விருத்தி. இதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு வாற்பேய். 1912 ஆம் ஆண்டிலே குடர்நாட்ச் என்னும் அறிஞர் வாற்பேய்களுக்கு விலங்குகளின் தைரொயிட் சுரப்பியை உணவாகக் கொடுத்தார். அவை பருமனடையுமுன்னரே வாலிழந்து, கால் முளைத்து, ஈயளவிற் சிறு தவளைகளாயின. சில ஆண்டுகளின் பின் வேறோர் அறிஞர் வாற்பேய்களிலிருந்து அச்சுரப்பியை நீக்கிப் பார்த்தார். அவை தின்றன, பருத்தன, பெரிதாயின, ஆயினும் தவளையாகவேயில்லை. இறுதிவரை வாற்பேயாகவே நீந்தித்திரிந்தன. அன்று இதனைக் கேட்டு நாங்கள் நகைத்தோம். மனிதக் குழந்தைக்கும் ஏறக்குறைய இதுவே நிகழும் என்பது பின்னர்த்தான் தெரிந்தது.

தைரொயிட் சுரப்பியைக் கேடயச் சுரப்பி என்று எங்கள் பாடநூல்கள் கூறும். கழுத்தின் முன்புறத்தே, குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது அது. உணவிலுள்ள அயடீனைக் கொண்டு தைரொக்சின் என்னும் ஓமோனை ஆக்கி இரத்தத்திற் கலக்கச் செய்வது அதன் தொழில். உடலின் வெப்பம், இதயத்தின் துடிப்பு, குடலின் இயக்கம், என்புகளின் முதிர்வு ஆகிய அனைத்தும் அவ்வோமோனின் ஆட்சிக்குட்பட்டவை. குழந்தைப் பருவத்திலோ அதற்கு இன்னுமொரு பெருந்தொழில் உண்டு. மூளையின் நரம்புக்கலங்கள் தத்தமக்குரிய இடத்தைச் சேர்தலும், கிளைவிட்டு ஒன்றோடொன்று தொடர்புறுதலும், நரம்பிழைகள் கொழுப்புறை பெறுதலும் அதனாலேயே செவ்வனே நிகழ்கின்றன. பிறந்து முதல் மூன்றாண்டுகளில் மூளை அதனை நம்பியே உருவாகின்றது.

ஏறக்குறைய 2000 முதல் 4000 வரையான பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இக்குறைபாட்டோடு பிறக்கின்றது. பெரும்பாலானோரிடம் சுரப்பி தோன்றாமலே போயிருக்கும். அன்றேல், நாவின் அடியிலே தோன்றிக் கழுத்துக்கு இறங்கவேண்டிய சுரப்பி வழியிலேயே தங்கிச் சிறுத்திருக்கும். எஞ்சிய சிலரிடம் சுரப்பி உரிய இடத்திலிருந்தும் ஓமோனை ஆக்கும் இரசாயனப் படிகளுள் ஒன்று பிழைத்திருக்கும். இப்பின்னைய வகையே பெரும்பாலும் பரம்பரையாய் வருவது. நெருங்கிய உறவிலே மணம்புரிந்தோர் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுவது.

இந்நோயின் வரலாறு நீண்டது. அயடீன் குறைந்த அல்ப்சு மலைப்பள்ளத்தாக்குகளில் குறுவடிவும் மந்தபுத்தியும் உடையோர் பலர் வாழ்ந்தமையை ஐரோப்பியப் பயணிகள் எழுதியுள்ளனர். 1850 ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் கேர்லிங் என்பார், அத்தகைய இரு குழந்தைகளின் உடலை ஆராய்ந்து, தைரொயிட் சுரப்பியே அவற்றில் இல்லாமையைக் கண்டார். 1891 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து மருத்துவர் மறே, ஆட்டின் சுரப்பிச்சாற்றை ஊசிமூலம் ஏற்றி, தைரொயிட் குன்றிய ஒரு பெண்ணைக் குணப்படுத்தினார். அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914 ஆம் ஆண்டு நத்தார் தினத்திலே கென்டல் என்னும் அமெரிக்க அறிஞர் தைரொக்சினைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்தார். அடுத்த பதின்மூன்றாண்டுக்குள் அதன் அமைப்பும் அறியப்பட்டு, அதனைச் செயற்கையாக ஆக்கும் வழியும் கண்டறியப்பட்டது. மருந்து கிடைத்தது. ஆயினும் மருந்தை யாருக்கு, எப்போது கொடுப்பது என்னும் வினாவுக்கு விடைகாண மேலும் அரைநூற்றாண்டு சென்றது.

காரணம் யாதெனில், இக்குழந்தைகள் பிறக்கும்போது நோயாளிகளாய்த் தோன்றுவதில்லை. கருவிலிருக்கும்போது தாயின் தைரொக்சின் ஒருபகுதி கொப்பூழ்க்கொடி வழியாகக் குழந்தையை அடைகின்றது. சுரப்பியே இல்லாத குழந்தையின் இரத்தத்திலும் பிறப்பின்போது வழமையான அளவில் மூன்றிலொரு பங்கு முதல் அரைப்பங்குவரை ஓமோன் காணப்படுவதை 1989 இல் நெதர்லாந்து மருத்துவர் எடுத்துக்காட்டினர். கொடி அறுந்தபின் தாய் கொடுத்த அச்சீதனம் சில கிழமைகளிற் கரைந்துவிடும். அதன்பின்னரே குறிகள் மெல்ல மெல்லத் தலைகாட்டும். மஞ்சள்நிறம் நெடுநாள் மாறாதிருத்தல், மலச்சிக்கல், பால் குடிக்கையிற் சோர்தல், கரகரத்த குரல், பருத்த நா, தொப்புள் பிதுங்கல், குளிர்ந்து வரண்ட தோல், அளவுமிஞ்சிய உறக்கம் என்பன அவை. இவற்றுள் எதுவும் தனித்து நின்று அச்சந்தருவதன்று. எல்லாம் ஒருங்கே தெளிவாய்த் தெரியும்போது காலங் கடந்துவிட்டிருக்கும்.

காலங் கடத்தல் என்பதன் பொருளை எனக்கு உணர்த்தியவர்கள் ஒரு குடும்பத்தார். 1982 ஆம் ஆண்டிலே வடக்கில் ஒரு வைத்தியசாலையிற் கடமையாற்றியபோது, பதினான்கு மாதப் பெண்குழந்தையொன்றை அதன் தாயும் தந்தையும் கொண்டுவந்தனர். பல்லொன்றும் முளைக்கவில்லை, இன்னும் இருக்கவில்லை என்பதே அவர்தம் முறைப்பாடு. முன்னைய மாதங்களைப்பற்றி வினவியபோது தாய் கூறியது இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. "ஐயா, இவளால எனக்கொரு கரைச்சலுமில்லை. பாலுக்குக்கூட அழமாட்டாள். நல்ல அமைதியான பிள்ளை எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம்." குழப்படியில்லாத பிள்ளை என்று ஊரார் போற்றிய அவ்வமைதியே நோயின் குரலாக இருந்தது.

குழந்தையின் நீளம் ஆறுமாதக் குழந்தையின் அளவே இருந்தது. உச்சிக்குழி அகன்று திறந்திருந்தது. மணிக்கட்டை எக்ஸ்கதிரிற் படம்பிடித்துப் பார்த்தபோது, மூன்றாம் மாதமளவில் தோன்றவேண்டிய என்பு மையங்களைக்கூடக் காணோம். உடலுக்கு வயது பதினான்கு மாதம். என்புக்கோ பிறந்த நாளே இன்னும் கழியவில்லை. கழுத்தைத் தடவியபோது சுரப்பி சற்றே வீங்கியிருத்தல் தெரிந்தது. பெற்றோர் மச்சானும் மச்சாளுமாக மணம்புரிந்தோர். கொழும்புக்கு அனுப்பிய இரத்தப் பரிசோதனையின் முடிவும் ஐயத்தை உறுதிசெய்தது.

அன்றே தைரொக்சின் மாத்திரை தொடங்கினோம். மருத்துவத்தில் இதைப்போல விரைந்து கண்முன்னே பயன்தரும் மருந்துகள் சிலவே. இரண்டாங் கிழமையில் கைகால்கள் சூடுபெற்றன, மலச்சிக்கல் நீங்கியது. மூன்றாங் கிழமை தாய் வந்து, "ஐயா, இப்ப இரவெல்லாம் அழுறாள்" என்றார். அது முறைப்பாடோ மகிழ்ச்சியோ என்று அவருக்கே தெரியவில்லை. மாதங்கள் செல்லப் பற்கள் வரிசையாய் முளைத்தன. முகத்தின் ஊதல் வடிந்து அழகிய பெண்முகம் வெளிப்பட்டது. வளர்ச்சிக் கோட்டுத்தாளில், அடியிலே தவழ்ந்து கிடந்த கோடு செங்குத்தாக எழுந்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏனைய குழந்தைகளின் கோட்டோடு சேர்ந்துகொண்டது. உடலின் வளர்ச்சி தான் இழந்ததை இவ்வாறு மீட்டுக்கொள்ளவல்லது.

விருத்தியோ அவ்வாறு மீளவில்லை. அவள் மூன்றாம் வயதை அணுகியே நடந்தாள். சொற்கள் அதனினும் பிந்தின. பள்ளிக்கூடத்தில் எழுத்துகளைக் கற்றாளெனினும் கணக்கு அவளுக்குக் கைகூடவில்லை. இதன் காரணத்தை 1972 இல் அமெரிக்க மருத்துவர் மூவர் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியிருந்தது. மூன்று மாதத்துக்குமுன் மருந்து தொடங்கப்பெற்ற குழந்தைகளின் நுண்ணறிவு ஈவு சராசரி 89. மூன்று முதல் ஆறு மாதத்துள் தொடங்கப்பெற்றோருக்கு 70. ஆறு மாதம் கடந்தோருக்கு 54. மருந்து ஒன்றே, அளவும் ஏறக்குறைய ஒன்றே. நாட்காட்டியின் தாள்களே வேறுபாட்டைச் செய்தன.

1984 இல் அத்தாய் மீண்டும் கருவுற்றார். இரசாயனப் பிழையால் வரும் வகையாதலின் அடுத்த குழந்தைக்கும் நான்கிலொரு வாய்ப்புண்டு என்று முன்னமே சொல்லியிருந்தோம். ஆண்குழந்தை பிறந்தது. அழகிய குழந்தை, நன்றாக அழுதது, நன்றாகப் பால் குடித்தது. அதனிடத்திலே ஒரு குறையும் எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. நான்காம் நாள் எடுத்த இரத்தமோ அக்காளுக்கிருந்த குறையே தம்பிக்கும் உண்டெனக் காட்டியது. பன்னிரண்டாம் நாள் முதல் மாத்திரை கொடுத்தோம். நோயின் குறியொன்றும் இல்லாத பிள்ளைக்கு நாள்தோறும் மருந்தா என்று உறவினர் சிலர் தடுத்தனர். பெற்றோர் அசையவில்லை, அவர்கள் மூத்தவளைத் தூக்கி வளர்த்தவர்களன்றோ!

நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் குழந்தையின் விருத்தியைப் பருவம் பருவமாக வகுத்தமை நாமறிந்ததே. தலைநிமிர்த்தி அசையும் செங்கீரைக்கு ஐந்தாம் மாதம். இருந்து கைகொட்டும் சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம். தளர்நடையிட்டு வரும் வருகைக்கு ஓராண்டளவு. மேனாட்டார் வகுத்த விருத்திப் படிகளோடு ஒப்பிட்டால் இவை பெரிதும் வேறுபடா. அச்சிறுவன் இப்பருவங்களையெல்லாம் உரிய மாதத்திலே கடந்தான். பிறக்கும்போது ஏறக்குறைய 50 சதமமீற்றர் நீளமான குழந்தை முதலாண்டு முடிவில் 75 சதமமீற்றர் ஆகவேண்டும். தலையின் சுற்றளவு 35 இலிருந்து 46 சதமமீற்றர் வரை பெருகவேண்டும். அவனுடைய அளவுகளும் இதனின்றும் பிறழவில்லை. அவன் வருகைப் பருவத்தை அடைந்த அதே ஆண்டில், அவனினும் மூன்றாண்டு மூத்த தமக்கையும் அவனோடு சேர்ந்தே சொற்களைக் கற்றுக்கொண்டிருந்தாள்.

தந்தையார் ஒருநாள், "ஒரே வயிறு, ஒரே மருந்து, பதினாலு மாதந்தான் வித்தியாசம், என்ன ஐயா?" என்றார். தாயார் அதற்கும் மேலே ஒரு வினாவைத் தொடுத்தார். "இவளும் இவனைப்போல வந்திருப்பாளோ?" மருத்துவன் இத்தகைய வினாவுக்கு மழுப்பி விடைகூறுதல் எளிது. ஆயினும் தம்பியை மூன்றாண்டு இடைவிடாது காக்கவேண்டிய தாய்க்கு உண்மை தேவைப்பட்டது. "பெரும்பாலும் வந்திருப்பாள், அம்மா" என்றேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு அடுத்த மருத்துவ நாள் எப்போதென்று கேட்டு எழுதிக்கொண்டு சென்றார்.

இம்மருத்துவம் எளியது; ஆனால் கவனம் வேண்டுவது. இன்று மருத்துவர் கைக்கொள்ளும் அளவு, குழந்தையின் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மைக்கிரோகிராம். மூன்று கிலோகிராம் குழந்தைக்கு 30 முதல் 45 மைக்கிரோகிராம் போதும். ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் வருவது ஒரு மைக்கிரோகிராம். முதல் மூன்றாண்டு முழுவதற்கும் தேவைப்படும் தைரொக்சினை ஒருங்கே திரட்டினாலும் ஒரு கிராமின் இருபதிலொரு பங்கு அளவே வரும். ஒரு மனிதனின் அறிவு முழுவதும் அத்துணைச் சிறிய பொருளிலே தங்கியிருக்கின்றது!

மாத்திரையைப் பொடித்துச் சிறிதளவு தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்துக் கரண்டியாற் புகட்டுதல் வேண்டும். புட்டிப்பால் முழுவதிலும் கரைத்தால், எஞ்சிய பாலோடு மருந்தும் எஞ்சிவிடும். சோயா உணவு, இரும்புச்சத்து மருந்து, கல்சியம் ஆகியன மருந்து உடலிற் சேர்வதைத் தடுக்குமாதலின் அவற்றை வேறு நேரத்திலே கொடுத்தல் நன்று. குழந்தை வளர வளர அளவும் மாறவேண்டும். ஆகவே முதலாண்டில் அடிக்கடியும் பின்னர் சில மாதங்களுக்கொருமுறையும் இரத்தம் சோதிக்கப்படும். அளவு குறைந்தால் மூளை பட்டினி கிடக்கும். மிகுந்தால் குழந்தை அமைதியின்றித் தவிப்பதோடு தலையோட்டின் பொருத்துகளும் காலத்துக்கு முன்னே மூடிக்கொள்ளலாம். செவிப்புலனையும் சோதித்தல் வேண்டும். இக்குழந்தைகளிடம் கேள்விக்குறை சற்றுக் கூடுதலாகக் காணப்படுகின்றது. சுரப்பி உரிய இடத்திலிருக்கும் சிலரிடம் குறைபாடு தற்காலிகமானதாயிருக்கலாம். அவர்களுக்கு மூன்று வயதின்பின், மருத்துவர் கண்காணிப்பிலே மருந்தை நிறுத்திப் பார்ப்பதுண்டு. தாமாக நிறுத்துதல் ஒருபோதும் தகாது.

இவ்வாறு உரிய காலத்தில் தொடங்கி ஒழுங்காகக் காக்கப்பட்ட குழந்தைகள் யாவராகின்றனர்? உயரத்தில் ஏனையோரை ஒத்து வளர்கின்றனர். உரிய வயதிற் பருவமடைகின்றனர். பெரும்பாலோர் சாதாரண அறிவாற்றலோடு கற்றுத் தேறுகின்றனர். கருவிலேயே கடுமையாகத் தாக்கப்பட்ட சிலரிடம் மட்டும் நினைவு, கவனம், கைத்திறன் ஆகியவற்றிற் சிறு குறைகள் எஞ்சுவதுண்டு. அவர்களுக்கு ஆசிரியரின் பொறுமையே எஞ்சிய மருந்து.

எல்லாக் குழந்தைகளுக்கும் மூத்த தமக்கை ஒருத்தி முன்னெச்சரிக்கையாக வாய்ப்பதில்லை. ஆதலின் எல்லாக் குழந்தைகளையும் சோதித்தலே வழி. குதிக்காலிற் குத்தியெடுத்த சில துளி இரத்தத்தை வடிதாளில் உலர்த்தி அனுப்பும் முறையை, 1960 களின் தொடக்கத்திலே கத்ரி என்னும் அமெரிக்க மருத்துவர் வேறொரு பிறவிநோய்க்காக வழக்கிற் கொணர்ந்தார். அதே உலர்ந்த துளியிலே தைரொக்சினை அளக்கும் வழியைக் கனடாவின் கியூபெக் மாகாணத்து மருத்துவர் டுசோ கண்டார். 1974 இல் அம்மாகாணத்திலே சோதனைத் திட்டம் தொடங்கியது. பிரித்தானியாவில் அது 1981 இல் நாடளாவியதாயிற்று. இலங்கையில் 2010 ஆம் ஆண்டளவிலே தென்மாகாணத்தில் ஆரம்பமாகிப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. சுரப்பி சோர்ந்தால் அதனைத் தூண்டும் ஓமோனைக் கபச்சுரப்பி மிகுதியாகச் சுரக்கும்; அவ்வோமோனின் மிகுதியே இன்று பெரிதும் தேடப்படுவது. பிறந்த உடனே அது எல்லாக் குழந்தைகளிலும் இயல்பாகவே உயருமாதலின், இரண்டு நாள் கழிந்தபின் இரத்தமெடுத்தல் சிறந்தது.

அவ்விரு பிள்ளைகளையும்பற்றி இன்னுஞ் சிறிது கூறல்வேண்டும். தொண்ணூறுகளில் பாதைகள் மூடப்பட்டு மருந்துகள் அரிதானபோது, சிற்சில வேளைகளில் மாத்திரையும் கிடைக்காது போயிற்று. அப்போது இருவரும் சோர்ந்தனர். உயரம் சிலகாலம் தடைப்பட்டது. ஆயினும் மூளை உருவாகும் மூன்றாண்டு முன்னமே கழிந்திருந்தமையால், மருந்து மீண்டதும் அவர்களும் மீண்டனர். அதே தட்டுப்பாடு 1984 இல் வந்திருப்பின் அவன் கதை வேறாயிருக்கும்.

காலையில் இருவரும் ஒருங்கே மாத்திரை உண்பது அவ்வீட்டு வழக்கம். கணக்கறியாத தமக்கை அவ்வொரு கணக்கில் மட்டும் தவறியதேயில்லை. தம்பி சோதனைக்காலப் பரபரப்பில் மறந்தோடினாலும் படலைவரை துரத்திச் சென்று கொடுத்துவிட்டே திரும்புவாள். அவன் எம் கல்லூரியிலே கற்று, பல்கலைக்கழகம் புகுந்து, கணிதம் போதிக்கும் ஆசிரியனாக விளங்குகின்றான். அவனோடு ஒரே வாங்கில் இருந்தவர்கள் இக்கட்டுரையை வாசிக்கவுங்கூடும். அவனைப் பிறரினின்றும் வேறுபடுத்திக் காட்டும் அடையாளம் எதனையும் அவர்கள் கண்டிருக்கமாட்டார்கள். இம்மருத்துவத்தின் முழுவெற்றி அதுவே.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலோ சுற்றத்திலோ குழந்தையொன்று பிறந்தால், பெயர்வைக்கும் நாளையும் நட்சத்திரத்தையும் வினவுமுன், குதிக்கால் இரத்தம் எடுக்கப்பட்டதா என்றும், முடிவு வந்ததா என்றும் வினவுங்கள். மீண்டும் வருமாறு வைத்தியசாலை அழைத்தால் ஒருநாளும் தாமதியாதீர்கள். அமைதியான பிள்ளையென்று ஊரார் புகழும்போது, அவ்வமைதி மிஞ்சியதோ என்று ஒருகணம் சிந்தியுங்கள். ஆசிரியப் பெருமக்களே, நாள்தோறும் மாத்திரை உண்ணும் மாணவன் உங்கள் வகுப்பில் இருந்தால், அவனை நோயாளியென்று விளையாட்டிடத்தினின்றும் ஒதுக்காதீர்கள். எவ்வகை விளையாட்டும் அவனுக்குத் தகும். காலங்கடந்து மருந்து பெற்ற பிள்ளை இருந்தால், அப்பிள்ளை எதில் தவறாது என்பதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். மாணவர்களே, வாற்பேயைப்பற்றிய பாடத்தைப் பரீட்சைக்கு மாத்திரம் உரியதென்று கருதாதீர்கள்.

உடலை வளர்க்கும் உணவை இல்லம் தரும். உள்ளத்தை விருத்திசெய்வது கல்விக்கழகத்தின் கடன். பல்லாண்டுகளாக அக்கடனைக் குறைவறச் செய்துவரும் எம் கல்லூரி, இவ்விழாவினும் பல விழாக்கண்டு, வளர்ச்சியும் விருத்தியும் ஒருங்கே எய்திப் பொலிவதாக!